வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள்

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குத் தப்பி நின்ற வீடுகள் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் பல இருந்தன. வேம்பும் பூவரசும் தென்னையும் சூழ்ந்த கூரை வீடுகள், ஓட்டு வீடுகள். அடுத்த சில ஆண்டுகளில் அவற்றில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது, மரங்களும் வெட்டப்பட்டன. வீடு கட்டித்தர வந்த நிறுவனங்களின் ஒப்பந்தக்காரர்களுக்கு வெற்று நிலம் தேவைப்பட்டது. ஊர் முழுவதும் ஒரே வரைபடத்தில் வரிசையாக வீடுகள் எழ வேண்டியிருந்தது. பேரிடருக்குப் பிந்தைய வீடமைப்பை ஆராயும் ஜெனிஃபர் டுய்ன் பாரன்ஸ்டைன் தமிழகக் கடற்கரையில் செய்த களஆய்வுகள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. மக்களுக்குக் கிடைத்தது 325 சதுர அடி கான்கிரீட் வீடு. பகல் வெயிலைத் தளம் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் உள்ளே இறக்கியது. வலை பின்னவும் கருவாடு உலர்த்தவும் அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பேசவும் இருந்த மரநிழல் போய்விட்டது.

மக்களைக் கேட்காமலா இதைச் செய்தார்கள்? பல ஊர்களில் கேட்டார்கள். கூட்டம் போட்டார்கள், வரைபடத்தைக் காட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். திட்ட அறிக்கையில் அது 'சமூகப் பங்கேற்பு' என்று ஏறியது. ஆனால் இருக்கிற வீட்டைப் பழுது பார்த்துத் தந்தால் போதுமா, புது வீடே வேண்டாமா என்ற கேள்வி அநேகமாக எந்தக் கூட்டத்திலும் முன்வைக்கப்படவில்லை. அதற்கு முன்பே நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று கணக்குப் போடப்பட்டு, எத்தனை வீடு என்று நன்கொடையாளருக்கு எழுதியும் கொடுத்தாகிவிட்டது. மறுப்பதற்கு இடமில்லாத ஓர் ஏற்பாட்டில் மக்கள் சம்மதித்தார்கள் என்பதற்கு என்ன மதிப்பு இருக்கிறது?

மனிதாபிமான உதவியிலும் கல்விப்புல ஆய்விலும் உள்ளூர் மக்களின் பங்கேற்பு பற்றி இன்று பேசாத நிறுவனம் இல்லை. ஐ.நா. அமைப்புகளிலிருந்து பல்கலைக்கழகத் துறைகள்வரை எல்லோருடைய விண்ணப்பப் படிவத்திலும் அதற்கு ஒரு பத்தி உண்டு. அந்தப் பங்கேற்பை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் ஒன்றுதான்: உதவி பெறுபவரும் ஆய்வுக்கு உட்படுபவரும் 'வேண்டாம்' என்று சொன்னால் திட்டம் மாறுமா? சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையிலும் இலங்கையின் கிழக்கிலும் நடந்தவை இந்தக் கேள்விக்குப் பல விடைகளை வைத்திருக்கின்றன. இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அவற்றை நாம் சரியாகப் படித்து முடிக்கவில்லை.

தமிழகத்தில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் இறந்தார்கள். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த முதல் மணிநேரங்களில் காப்பாற்றப்பட்டவர்களைக் காப்பாற்றியது யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை: அண்டை அயலார், உறவினர், பக்கத்து ஊர்க்காரர்கள். பரங்கிப்பேட்டையில் ஜமாத்தினர் மீனவக் குடும்பங்களைத் தாங்கிக்கொண்டார்கள். நாள்கணக்கில் உணவு சமைத்துப் போட்டார்கள், உடல்களை மீட்டார்கள். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் முகாம்களாயின. வெளிநாட்டு விமானம் இறங்குவதற்குள் மீட்புப் பணியின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

பிறகுதான் பணம் வந்தது. பன்னாட்டு அளவில் திரண்ட தொகை சுமார் 1,350 கோடி டாலர் என்றும், அதில் 550 கோடி டாலர் வளர்ந்த நாடுகளின் பொதுமக்கள் தந்தது என்றும் சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல். அதே 2004ஆம் ஆண்டில் வங்கதேசத்தில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 3 டாலர் கிடைத்தது. உதவியின் அளவைத் தேவை தீர்மானிப்பதில்லை, தொலைக்காட்சிப் படங்களும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கடற்கரைக்கு வந்து மாண்ட மேலைநாட்டவரின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன என்பதை இந்த ஒப்பீடு போல வேறெதுவும் காட்டவில்லை. உதவி அமைப்புகளே சேர்ந்து நடத்திய மதிப்பீடு அது. தங்கள் தவறுகளை அவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்காக அதை மதிக்கிறேன். உதவியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கத்திலிருந்து விலகி, பாதிக்கப்பட்ட மக்கள் தாங்களே எடுக்கும் முயற்சிகளுக்குத் துணைநிற்கும் முறைக்கு மாற வேண்டும் என்பது அதன் மையமான பரிந்துரை.

அவ்வளவு பணம் குறுகிய காலத்தில் செலவாக வேண்டும் என்ற நெருக்கடி விசித்திரமான விளைவுகளைத் தந்தது. இலங்கையை நன்கறிந்த மானுடவியலாளர் ஜாக் ஸ்டிரட் 2006இல் எழுதிய கட்டுரையில், பயனாளிகளைப் பிடிப்பதற்காக உதவி நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டதை விவரித்தார். ஊருக்கு ஊர் பெயர்ப்பலகைகள் முளைத்தன. ஒரே குடும்பத்துக்கு மூன்று நிறுவனங்கள் சமையல் பாத்திரம் கொடுத்தன; உட்பகுதியில் இருந்த இன்னொரு குடும்பத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. எளிதில் படம்பிடிக்கத் தக்க பொருள் என்பதால் படகுகள் குவிந்தன. இலங்கையிலும் தமிழகத்திலும் பல இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையேறின. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு வந்தது. கடலில் மீன் கூடவில்லை, பிடிக்கும் கருவிகள் மட்டும் கூடின. தரமில்லாமல் அவசரத்தில் செய்த படகுகள் கரையிலேயே கிடந்தன. நாகை சாலையோரங்களில் பழைய துணிகள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்ததை அப்போது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. வீடும் பிள்ளைகளும் போன நிலையிலும் பிறர் உடுத்திக் கழித்ததை மீனவர்கள் தொட மறுத்தார்கள். அந்தக் கடற்கரையில் மக்கள் 'வேண்டாம்' என்று சொல்லி அது நடைமுறையில் செல்லுபடியான அபூர்வமான தருணம் அது.

உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு வந்த சேதம் வேறு வகையானது. பல ஆண்டுகளாக ஊர்மக்களோடு பழகி, யார் எந்தக் குடும்பம், எந்தத் தெருவில் என்ன சண்டை என்று அறிந்திருந்த பணியாளர்களைப் பெரிய நிறுவனங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டன. வாகனங்களும் கட்டடங்களும் வாடகை ஏறிச் சிறியவர்களுக்கு எட்டாமல் போயின. உள்ளூர் அமைப்புகளை வளர்க்க வந்ததாகச் சொன்னவர்களால் அந்த அமைப்புகள் ஆளில்லாமல் நின்றன. கூட்டமைப்பின் அறிக்கை இதையும் மறைக்கவில்லை.

இந்தப் பெருங்குழப்பத்துக்குள் நாகப்பட்டினத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும், மீனவப் பெண்களிடையே நெடுங்காலம் வேலை செய்த ஸ்நேகா அமைப்பும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு 2005 ஜனவரி தொடக்கத்திலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. யார் எந்த ஊரில் என்ன செய்கிறார்கள், எங்கே இன்னும் எதுவும் போகவில்லை என்ற விவரம் ஓரிடத்தில் கிடைத்தது. ஊர்களில் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. அரசாணையில் என்ன இருக்கிறது என்பதை மக்கள் அங்கே தெரிந்துகொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஜெ. ராதாகிருஷ்ணன் அந்த மையத்துக்கு இடம் கொடுத்ததும், தொண்டு நிறுவனங்களைச் சந்தேகத்தோடு பார்க்காததும் இதில் பெரும்பங்கு வகித்தன. பின்னர் அந்த மையமே பெட்ராக் என்ற தனி அமைப்பாக வளர்ந்தது. பிற மாவட்டங்களில் இல்லாத ஓர் ஒழுங்கு நாகையில் இருந்ததென்றால், தலைமை தாங்கியவர்களுக்கு அந்தக் கடற்கரையின் தொழிலும் ஊர் அமைப்பும் முன்பே தெரிந்திருந்ததே அதற்குக் காரணம்.

உப்பு ஏறிய வயல்களின் கதையும் இப்படித்தான். கடல்நீர் நின்ற நிலம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்ற பேச்சு இருந்தபோது, இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழிகாட்டலில் நாகை உழவர்கள் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, குறுகிய காலத்தில் மீண்டும் நெல் எடுத்தார்கள். அந்த மண்ணில் தலைமுறையாக வேலை செய்தவர்களின் கைப்பழக்கத்துக்கு மேல் கொஞ்சம் விதையும் கூலியும் போதுமானதாக இருந்தது.

இதுவரை சொன்னதிலிருந்து, முடிவை ஊரிடம் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றலாம். அப்படி எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. 'ஊர்' என்ற அமைப்பின் உள்ளே போய்ப் பார்க்காதவர்களே அப்படி எழுத முடியும்.

சோழமண்டலக் கடற்கரையின் பட்டினவர் ஊர்களில் பஞ்சாயத்து வலுவானது. எப்போது கடலுக்குப் போகலாம், எந்த வலை கூடாது, திருவிழாவுக்கு எவ்வளவு வரி என்பதை நாட்டாரும் பஞ்சாயத்தாரும் தீர்மானிக்கிறார்கள். வரி தலைக்கட்டுக் கணக்கில் வசூலாகும். சுனாமி நிவாரணம் வந்தபோது அதுவும் இந்த வழியாகவே பாய்ந்தது. வந்த பொருளைப் பொதுவில் சேர்த்து, பாதிப்பு கூடியவர் குறைந்தவர் என்று பார்க்காமல் வரிகாரர்கள் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். உதவி நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் பட்டியலில் உள்ள பயனாளிக்குப் போக வேண்டியது பாதிக்கப்படாதவனுக்கும் போகிறதே, இது முறைகேடு என்றார்கள். இந்தக் கடற்கரையின் மீன்வளச் சட்டதிட்டங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க் இதற்கு வேறு விளக்கம் தந்தார். எதிர்பாராமல் வலையில் விழுந்த பெருமீன்பாடு போல அந்த நிவாரணத்தை ஊர் பார்த்தது. அதைப் பகிர்ந்துகொள்வதற்கு அவர்களிடம் முன்பே ஒரு நீதி இருந்தது. கடலில் இன்று உனக்கு, நாளை எனக்கு என்று வாழும் சமூகத்தில் ஒருவரை மட்டும் தூக்கிவிடுவது ஊரை உடைக்கும். இதைப் புரிந்துகொண்ட நிறுவனங்கள் மிகச் சில.

ஆனால் அந்தச் சமபங்கின் எல்லை எது? வரி கட்டும் ஆண்களே ஊரின் முழு உறுப்பினர்கள். கணவனை இழந்த பெண்ணுக்குச் சில ஊர்களில் அரைப்பங்கு, சில ஊர்களில் அதுவும் இல்லை. தலைச்சுமையாக மீன் விற்று வீட்டை நடத்திய பெண்கள் இழந்த கூடையும் அலுமினியப் பாத்திரமும் கைமுதலும் எந்தச் சேதப்பட்டியலிலும் ஏறவில்லை. படகு வைத்திருந்தவன் பாதிக்கப்பட்டவன் என்ற கணக்கு அரசுக்கும் பஞ்சாயத்துக்கும் நன்கொடையாளருக்கும் ஒருசேர வசதியாக இருந்தது. கடற்கரைக்குச் சற்று உள்ளே இருந்த தலித் குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசம். மீன் தூக்கியும் உப்பளத்திலும் வயலிலும் கூலிவேலை செய்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். மீனவர்கள் கடலுக்குப் போகாதபோது அவர்களுக்கும் வேலை போனது. ஆனாலும் அவர்கள் 'சுனாமியால் பாதிக்கப்படாதவர்கள்' ஆனார்கள். முகாம்களில் தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுத்ததையும் தனியிடத்துக்கு விரட்டியதையும் தலித் மனித உரிமை அமைப்புகள் அப்போதே ஆவணப்படுத்தின. கழிமுகங்களில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களைப் பல கணக்கெடுப்புகள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

எனவே 'உள்ளூர்' என்று ஒரே குரல் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தைத் தாண்டிச் சென்ற நிறுவனம் ஊரின் நீதியைக் காயப்படுத்தியது. பஞ்சாயத்தோடு மட்டும் பேசிய நிறுவனம் ஊரின் அநீதிக்குப் பணம் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே வேலை செய்யப் பொறுமையும் காலமும் பழக்கமும் வேண்டும். பதினெட்டு மாதத் திட்டச் சுழற்சியில் அவை கிடைக்காது. ஸ்நேகா போன்ற அமைப்புகளால் பெண்களைச் சங்கமாகத் திரட்டிப் பஞ்சாயத்தின் முன்னால் பேசவைக்க முடிந்ததென்றால், அந்த வேலை சுனாமிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்ததே அதற்குக் காரணம்.

இலங்கையில் உள்ளூர் என்பது போரின் நிழலில் வரையறுக்கப்பட்டது. தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று கடலோர விலக்கு வலயம் கொழும்பில் தீர்மானிக்கப்பட்டது. கரைவலைக்காரர் கடலைவிட்டு விலகி எப்படிப் பிழைப்பார் என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை. அறுகம்குடாவில், மீனவரை விரட்டிவிட்டுச் சுற்றுலாவுக்குக் கரையைக் கொடுக்கிறார்கள் என்று மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் வலயம் தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் உட்பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூன் 24 அன்று கையெழுத்திட்ட கட்டமைப்பு, மூன்றே வாரத்தில் உச்சநீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. உயிரிழப்பு மிகுந்த அம்பாறை மாவட்டத்தில் பெரும்பாதிப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் அந்த உடன்பாட்டில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. அதிகாரம் உள்ள இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசினால் அதை மக்கள் பங்கேற்பு என்று அழைத்துவிடுகிறோம்.

உதவியோடு கூடவே ஆய்வும் வந்து இறங்கியது. இரண்டும் ஒரே வாகனத்தில் வந்தன என்று சொன்னாலும் தவறில்லை. முகாமில் இருக்கும் பெண்ணிடம் காலையில் ஒருவர் வந்து எத்தனை பேர் இறந்தார்கள், என்ன இழந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். மாலையில் இன்னொருவர் அதே கேள்விகளோடு வருகிறார். முதலாமவர் நிவாரணப் பட்டியல் எடுப்பவர், இரண்டாமவர் முனைவர் பட்ட மாணவர். இரண்டு தாள்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. பதில் சொல்லாவிட்டால் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் வாங்கப்பட்ட பதிலை, ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் சுதந்திரமான ஒப்புதல் என்று ஏற்க முடியுமா?

அதூல சுமதிபாலவும் சிசிர சிரிபத்தனவும் இலங்கையின் மருத்துவ ஆய்வாளர்கள். சுனாமிக்கு அடுத்த ஆண்டிலேயே அவர்கள் லான்செட் இதழில் இந்தக் கவலையை எழுதினார்கள். நெறிக்குழு அனுமதி இல்லாமலும் உள்ளூர் ஆய்வாளர்களைச் சேர்க்காமலும் வெளியார் நடத்தும் ஆய்வுகள், மொழி தெரியாத மனநல ஆலோசகர்களின் வருகை, சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் இடையிலுள்ள கோடு அழிந்துபோவது ஆகியவற்றை அவர்கள் சுட்டினார்கள். பேரிடருக்குப் பிந்தைய ஆய்வுக்கான நெறிமுறைகளை உருவாக்கும் பணிக்குழு ஒன்றும் அந்த முயற்சியிலிருந்து பிறந்தது. இதே இருவரும் விக்ரம் பட்டேலும் அதற்குச் சற்று முன்னர் ஐந்து முன்னணி மருத்துவ இதழ்களை அலசியிருந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்க உலகத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் பங்களிப்பு அவற்றில் சராசரியாக 6.5 சதவீதம்தான். உலகின் பெரும்பான்மை மக்கள் வாழும் நிலப்பரப்பிலிருந்து தரவுகள் போகின்றன. எழுத்தாளர் பெயர்கள் போவதில்லை.

மனநலத் துறையில் இதன் விளைவு உடனே தெரிந்தது. மேலைநாட்டுக் கேள்வித்தாள்கள் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயைத் தேடி வந்தன, தேடியதைக் கண்டுபிடித்தன. இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ கேள்வித்தாளைக் கீழே வைத்துவிட்டு, துன்பப்பட்டவர்களையும் அதிலிருந்து மீண்டவர்களையும் பற்றித் தங்கள் வார்த்தையில் கதை சொல்லும்படி மக்களைக் கேட்டார். அவர்கள் உடல்வலியையும், குடும்பத்திலும் ஊரிலும் தம் பொறுப்பைச் செய்ய முடியாமல் போனதையும் பற்றிப் பேசினார்கள். உறவு அறுந்ததே அவர்களுக்கு நோயாக இருந்தது. யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய அனுபவத்தில் கூட்டு மனவடு என்ற கருத்தை வளர்த்தெடுத்தார்: காயம் தனிமனிதருக்குள் மட்டும் இல்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் ஏற்பட்டிருக்கிறது, ஆகவே ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் பயிற்றி, சடங்குகளையும் ஊர்க்கூடல்களையும் மீட்டெடுக்க வேண்டும். தமிழகத்தில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் ஊர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி தந்தது. ஒரே முறை உட்கார்த்தி வைத்து நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் முறை கூடாது என்று 2007இல் பன்னாட்டு உதவி அமைப்புகளின் வழிகாட்டி நூலே எழுத வேண்டிவந்தது. அதற்குள் அந்த முறைக்கு எத்தனையோ பிள்ளைகள் ஆளாகியிருந்தார்கள்.

ஆய்வில் உள்ளூர்ப் பங்கேற்பு என்பது பெரும்பாலும் ஒரு மனிதரிடம் வந்து முடிகிறது. கள உதவியாளர், மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி என்று பல பெயர் அவருக்கு. யாரைப் பார்க்க வேண்டும், யார் வீட்டில் எதைக் கேட்கக்கூடாது, எந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்பதெல்லாம் அவர் அறிவு. நூல் வெளிவரும்போது நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் உண்டு. கிழக்கு காங்கோவில் பல ஆண்டுகள் வெளிநாட்டு ஆய்வுகளுக்காக உழைத்த காங்கோ ஆய்வாளர்கள் 2019 வாக்கில் 'புகாவு தொடர்' என்ற பெயரில் தங்கள் அனுபவங்களை எழுதத் தொடங்கினார்கள். ஆயுதக் குழுக்களின் பகுதிக்குள் போய்த் தரவு சேகரிப்பது அவர்கள். ஆபத்து அவர்களுக்கு, காப்பீடு இல்லை. ஆய்வாளர் ஊர் திரும்பிய பிறகும், நேர்காணல் கொடுத்தவர்களின் கோபத்தையும் ஏமாற்றத்தையும் எதிர்கொள்வது அவர்களே. வன்னியிலும் மட்டக்களப்பிலும் நாகையிலும் அதே வேலையைச் செய்தவர்கள் அப்படி ஒரு தொடரை இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்பது என் ஆசை.

மறுக்கும் உரிமையை எழுத்தில் பெற்றவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் மக்கள். நமீபியாவின் சான் முதியவர்கள் சிலரின் மரபணுத் தொகுப்பு 2010இல் நேச்சர் இதழில் வெளியானது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் மரபணுவும் அதே ஆய்வில் இருந்தது. ஆய்வுக்கு ஒப்புதல் வாங்கிய விதமும், கட்டுரையில் இருந்த சில விவரங்களும் தங்கள் சமூகத்தை மதிக்கவில்லை என்று சான் தலைவர்கள் எதிர்த்தார்கள். தனித்தனி மனிதரிடம் வாங்கிய ஒப்புதல் சமூகத்தின் ஒப்புதல் ஆகாது என்பது அவர்கள் வாதம். ஏழு ஆண்டுகள் கழித்து, 2017 மார்ச்சில், ஆய்வு நெறிக்கான தங்கள் சொந்த விதித்தொகுப்பை அவர்கள் வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை என்ற ஐந்தும் அதன் தூண்கள். மதிக்காத நிறுவனத்தோடு இனி ஒத்துழைப்பதில்லை என்றும் அதில் எழுதினார்கள். அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர், நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த ரத்தம் தங்கள் அனுமதியின்றி வேறு ஆய்வுகளுக்குப் போனதை எதிர்த்து வழக்காடினார்கள். 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, ரத்த மாதிரிகளையும் திருப்பித் தர வேண்டியதாயிற்று. சானின் விதித்தொகுப்புக்குச் சட்டபலம் இல்லை. என்றாலும் வேறு நாட்டு ஆய்வு நிறுவனங்கள் அதைப் பின்பற்றத் தொடங்கியதற்கு, மறுக்கத் தெரிந்த ஒரு சமூகம் எதிரே அமர்ந்திருந்ததே காரணம்.

உதவித் துறையில் அந்த மாற்றம் வரவில்லை. 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், 2020க்குள் நிதியில் 25 சதவீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குத் தருவதாகப் பெரும் நன்கொடையாளர்களும் நிறுவனங்களும் உறுதியளித்தார்கள். நேரடியாகப் போய்ச் சேர்ந்த பங்கு அந்த இலக்கை எட்டவே இல்லை, ஒற்றை இலக்க சதவீதத்திலேயே நின்றுவிட்டது. உள்ளூர் அமைப்புக்குத் தணிக்கை ஒழுங்கு இல்லை, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாது, பணம் கசிந்துவிடும் என்பவை சொல்லப்படும் காரணங்கள். இவற்றில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் 2010இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கத்துக்குப் பின் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்தருகே ஐ.நா. வளாகத்துக்குள், பெரிதும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரெயோல் பேசும் உள்ளூர் அமைப்புகள் வாயிலிலேயே நின்றன. அந்த வாயிலைக் கட்டியவர்களே உள்ளே வரத் தெரியாதவர்கள் என்று அவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

இந்தியாவில் இன்னொரு கதவும் சாத்தப்பட்டிருக்கிறது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதைத் தடை செய்தது; நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. தனியாகப் பதிவு வைத்திருக்க வழியில்லாத சிறிய அமைப்புகள் பெரிய அமைப்பின் வழியாகவே நிதி பெற்றுவந்தன. கடற்கரை ஊரில் பத்துப் பெண்கள் நடத்தும் சங்கத்துக்கு இனி அந்த வழி இல்லை. வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. அடி விழுந்தது மிகவும் உள்ளூரான அமைப்புகளின் மேல்.

பேரிடரின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஊர்க்கூட்டம் போட முடியாது என்பது உண்மைதான். தண்ணீரும் உணவும் மருந்தும் கேட்காமலே போக வேண்டும். ஆனால் நாகையில் வீடுகள் இடிக்கப்பட்டது முதல் வாரத்தில் இல்லை. படகுகள் குவிந்தது முதல் மாதத்தில் இல்லை. நாகை மீனவர்களிடையே களஆய்வு செய்த ராஜா சுவாமி 2021இல் வெளியிட்ட நூலில், மறுசீரமைப்பின் பெயரால் மீனவர் கரையிலிருந்து நகர்த்தப்பட்டதையும் அதை அவர்கள் எதிர்கொண்ட விதத்தையும் விரிவாக எழுதுகிறார். அந்த முடிவுகளுக்கு மாதங்களும் ஆண்டுகளும் இருந்தன. அவசரம் என்ற காரணம் அவற்றுக்குப் பொருந்தாது.

ஆகவே திட்டம் எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. நிதியில் ஒரு பகுதியை, எதற்கென்று முன்கூட்டி எழுதாமல், ஊரின் முடிவுக்கு விட்டுவையுங்கள். அந்த முடிவில் கைம்பெண்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் தலித் குடியிருப்புக்கும் பஞ்சாயத்தார் இல்லாத இடத்தில் தனியாகப் பேச வாய்ப்புக் கொடுங்கள். உதவிப் பட்டியல் எடுப்பவரும் ஆய்வுக் கேள்வி கேட்பவரும் ஒரே நபராகவோ ஒரே நாளிலோ வரக்கூடாது. பதில் சொல்ல மறுத்தால் எதுவும் பறிபோகாது என்பதை மக்கள் கண்ணால் பார்க்கும்படி நடந்துகொள்ளுங்கள். களத்தில் உழைத்தவரின் பெயர் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரட்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி, எந்த ஊரில் எடுத்தீர்களோ அந்த ஊரில் படித்துக் காட்டுங்கள். தவறு என்று அவர்கள் சொன்னால் அதையும் அச்சிடுங்கள்.

இதை வெளிநாட்டவருக்கு மட்டும் சொல்வதில் பொருளில்லை. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேள்வித்தாளோடு கடற்கரைக்குப் போகும் நம் மாணவர்களும் பேராசிரியர்களும் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. பட்டம் கிடைக்கிறது, ஆய்வேடு நூலகத்தில் தூங்குகிறது, தகவல் தந்த ஊருக்கு ஒரு பிரதிகூடப் போய்ச் சேர்வதில்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், ஆய்வு நடந்த ஊரில் முடிவுகள் தமிழில் வாசிக்கப்பட்டன என்ற சான்று இல்லாமல் சமூக அறிவியல் ஆய்வேட்டை ஏற்பதில்லை என்று ஒரு விதி செய்யலாம். அதற்கு எந்த நன்கொடையாளரின் அனுமதியும் தேவையில்லை, பெரிய செலவும் கிடையாது. அந்த விதியை அடுத்த கல்வியாண்டிலேயே கொண்டுவருமாறு துணைவேந்தர்களையும் ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.